இன்னும் ரெண்டு பறக்குது

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை திருடியது. என் மனைவி தன் தம்பியோடு ஃபோனில் பேசியதை, அதே மேசையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டே ஒட்டுக்கேட்டுத் திருடியது. ஒட்டுக்கேட்டேன் என்பதுகூட முழு உண்மை இல்லை. அவளுக்கு இடது காது கொஞ்சம் மந்தம். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துவிட்டுத்தான் பேசுவாள். நான் செய்த குற்றம் காதைப் பொத்திக்கொள்ளாதது மட்டும்தான்.

இரண்டாவது வாரமே என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இதைக் கதை பண்ணிடாதீங்க" என்றாள்.

"பூச்சியைப் பத்தி எழுதினா யாரு படிப்பா?" என்றேன்.

இதை வாக்குறுதி என்று யாரும் சொல்ல முடியாது. கேள்வியாகத்தான் கேட்டிருக்கிறேன், நீங்களே பாருங்கள்.

கதையில் மொத்தம் மூன்று பேர்: அக்கா, தம்பி, நான். அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சமையற்கூடத்தில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவள். தம்பிக்கு ஐம்பத்து நாலு. லிஃப்ட் மெக்கானிக். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபிறகு இருவரும் கல்யாணம் என்ற பேச்சைத் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, முப்பத்தைந்து வருடம் ஒரே வீட்டில், ஒரு மூன்றாவது மாடியில் இருந்துவிட்டார்கள். நான் அச்சகத்தில் பிழை திருத்துபவன். ஆஸ்பத்திரியின் உணவு அட்டவணையை அவள் பார்வைக்கு எடுத்துக்கொண்டு போன அன்று, அவள் அட்டவணையைப் பார்ப்பதற்கு முன்னால் என் சாப்பாட்டு டப்பாவைப் பார்த்தாள்.

"மூடி சரியா உக்காரலையே. யாரு மூடிக் குடுத்தது?"

"நானேதான்."

அப்படி ஆரம்பித்தது. இரண்டு வருடம் கழித்து, நான் ஓய்வு பெற்று, ரயிலில் ஆறு மணி நேரம் தள்ளி எனக்கென்று ஒரு வீடு இருக்கும் ஊருக்குத் திரும்பியபோது அவளையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆகவே, இந்தக் கதைக்கு வில்லன் என்று ஒருவன் கட்டாயம் வேண்டுமென்றால் அது நான்தான். வில்லன் சொல்கிற கதை இது. அந்த ஜாக்கிரதையோடு படியுங்கள்.

2

தொடக்கத்தை மூன்று முறை எழுதினேன்.

முதலாவது: "மாலை வெளிச்சம் சமையலறை ஜன்னல் வழியே தேனாய் வழிந்துகொண்டிருந்த வேளையில், ஒரு சின்னஞ்சிறு சிறகு—"

நிறுத்திவிட்டேன். அந்தச் சமையலறை ஜன்னலுக்கு ஒரு கை தூரத்தில் அடுத்த கட்டடத்தின் சுவர். வெளிச்சத்துக்கே அங்கே வழியில்லை, தேன் எப்படி வழியும்?

இரண்டாவது: "தனிமையும் ஒரு பூச்சிதான். மூடி வைத்த டப்பாவுக்குள்ளும் அது தானாகவே—"

இதைக் கிழித்தேன். மனைவி படித்தால் என்ன சொல்வாள் என்று காதில் கேட்டது. "தானா எல்லாம் வராது. வாங்கும்போதே முட்டை இருந்திருக்கும், இல்லன்னா மூடி இறுக்கமா இருந்திருக்காது." ஆஸ்பத்திரியில் ஒரு நாளைக்கு எண்ணூறு பேருக்குச் சமைக்கும் தானியத்தைக் காத்தவளிடம் உவமையோடு போய் நிற்க எனக்குத் தைரியம் இல்லை.

மூன்றாவது இது. இதையே வைத்துக்கொள்கிறேன்:

தம்பி வேலையிலிருந்து வந்து விளக்கைப் போட்டான். கூரையில் ஒரு பூச்சி உட்கார்ந்திருந்தது.

3

அரிசி நீளம்தான் இருக்கும். இறக்கையில் பாதி சாம்பல், பாதி செம்பு நிறம். தம்பி அதை அண்ணாந்து பார்த்தான். அண்ணாந்து பார்ப்பதுதான் அவன் தொழிலே. முப்பது வருடமாக லிஃப்ட் பள்ளத்தில் நின்று மேலே பார்த்துப் பார்த்து, கழுத்து ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டுவிட்டது. செய்தித்தாளைச் சுருட்டி எறிந்தான். படவில்லை. சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டான்.

மறுநாள் மூன்று. அதற்கு மறுநாள் எண்ணுவதை விட்டுவிட்டான்.

அக்கா போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. அந்த எட்டு மாதமும் அவன் சமைத்ததெல்லாம் சோறு, முட்டை, கடையில் வாங்கும் ரொட்டி, அவ்வளவுதான். அரிசி கீழ்த்தட்டில் ஒரு சின்னப் பாத்திரத்தில் இருந்தது. மேல்தட்டுகள் மூன்றும் அக்கா வைத்துவிட்டுப் போனபடியே இருந்தன: மாவு, ரவை, பயறு வகைகள், கடலை, உலர்ந்த திராட்சை, ஓட்ஸ். ஆஸ்பத்திரி ஸ்டோர் மாதிரியே ஒவ்வொரு டப்பாவிலும் வெள்ளைத்தாள் ஒட்டி, நீல மையில் பெயரும் வாங்கிய தேதியும் எழுதியிருப்பாள். இரண்டு பேருக்கு வாங்கியது. ஒருவன் மிச்சமிருந்தான். அவன் எதையும் தொடவில்லை. அதற்குச் சோம்பல் ஒரு காரணம். (இன்னொரு காரணமும் இருக்கிறது என்று எழுத இந்த இடம் நாக்கில் எச்சில் ஊற வைக்கிறது. எழுதவில்லை.)

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மாவு டப்பாவைத் திறந்தான். மாவு மாவாக இல்லை. சிலந்தி கட்டியதுபோல நூல் நூலாகப் பின்னிக் கட்டியாகக் கிடந்தது. நடுவில் வெளிறிய புழு ஒன்று நெளிந்தது. தம்பி டப்பாவை மூடினான். "கோதுமை மாவு" என்று எழுதியிருந்த பக்கம் வெளியே தெரியும்படி திருப்பி, இருந்த இடத்திலேயே வைத்தான்.

இது நான் புனைந்தது இல்லை. அவனே சொல்லி அவளிடம் திட்டு வாங்கினான்.

4

இந்த இடத்தில் சண்டையைச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் ஒரு மனிதன் தன் அக்காவுக்கு ஃபோன் செய்வதில் என்ன பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தோன்றும்.

என்னைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாக அவள் சொன்ன அன்று தம்பி தட்டில் கை வைத்தபடியே கேட்டானாம்: "அறுபது வயசுல பொண்டாட்டி தேடுறவனுக்குப் பொண்டாட்டி எதுக்கு? சமைக்க ஆள் தேடுறான். உனக்குப் புரியலையா?"

அவள் எழுந்து போய்விட்டாள். அதற்குப்பிறகு அவர்கள் ஒரே வீட்டில் மூன்று வாரம் பேசாமல் இருந்தார்கள். பதிவு அலுவலகத்துக்கு அவன் வரவில்லை. நான் அவளைக் கூட்டிக்கொண்டு வரப் போன நாளில் வீட்டிலும் இல்லை. அந்தக் கட்டடத்து லிஃப்டில் மட்டும் 'பழுது பார்க்கப்படுகிறது' என்று பலகை தொங்கியது. இரண்டு பெட்டியையும் மூன்று மாடி நான்தான் தூக்கி இறக்கினேன். ரயிலில் வரும்போதுதான் அவள் சொன்னாள், லிஃப்டுக்கு ஒன்றும் இல்லையாம். பலகை அவன் பையில் எப்போதும் இருக்குமாம்.

* இங்கே ஒரு குறிப்பு. எங்கள் வீட்டில் சமையல் நான்தான். இது எங்காவது அச்சில் பதிவாக வேண்டும் என்று எட்டு மாதமாகக் காத்திருக்கிறேன்.

தம்பி என்ற பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது இந்த இடத்தில்தான். முதல் பிரதியில், கல்யாணத்தன்று அவன் எங்கோ ஒரு கட்டடத்தில் லிஃப்டை இரண்டு மாடிகளுக்கு நடுவே நிறுத்திவிட்டு, உள்ளே உட்கார்ந்து அழுதான் என்று எழுதியிருந்தேன். எழுதியபோது எனக்கே கண் கலங்கியது. அதனாலேயே சந்தேகம் வந்து மனைவியிடம் பேச்சுவாக்கில் கேட்டேன்.

"உன் தம்பி அழுவானா?"

"அழ மாட்டான். இருமுவான். எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மாதான்."

அந்தப் பத்தியை எடுத்துவிட்டேன். அன்றைக்கு அவன் எங்கே இருந்தான் என்று எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று விட்டுவிடுகிறேன். ஒருவேளை நான் நினைத்ததைவிட அவன் நல்லவன். ஒருவேளை அந்தக் கேள்வியில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. நான் சமைப்பேன் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்?

5

முதல் ஃபோன்.

"அக்கா."

"ம்."

"நான்தான்."

"தெரியுது. சொல்லு."

அந்தப் பக்கம் யாரோ குழாயைத் திறந்து மூடினார்கள். அவனேதான் மூடியிருக்க வேண்டும், வேறு யார் இருக்கிறார்கள்.

"வீட்டுல பூச்சி வந்திருக்கு."

நான் கத்தியை நிறுத்தினேன். எட்டு மாதம் கழித்துப் பேசுகிறவர்கள் இப்படித்தான் பேசுவார்களா? என் மனைவியின் முகத்தைப் பார்த்தேன். கோபம் இல்லை, கண்ணீர் இல்லை. ஆஸ்பத்திரி ஸ்டோரில் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு மூட்டையைத் தட்டிப் பார்ப்பாளே, அந்த முகம்.

"பறக்குதா, ஊருதா?"

"பறக்குது."

"எங்க உக்காருது?"

"சுவத்துல. மேல, மூலையில."

"அப்ப வண்டு இல்ல. அந்துப்பூச்சி. மாவைத் திறந்து பாத்தியா?"

"பாத்தேன். நூல் நூலா இருக்கு. புழுவும் இருக்கு."

"என்ன பண்ணின?"

"மூடி வச்சிட்டேன்."

"மூடி, எங்க?"

"இருந்த இடத்துலதான்."

"தாலாட்டும் பாடிட்டு வந்தியா?"

அவன் சிரித்தானா என்று தெரியாது. நான் சிரித்துவிட்டு, பீன்ஸைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

அதற்குப்பிறகு அவள் வரிசையாகச் சொன்னாள். அவன் பேனா எடுத்து எழுதிக்கொண்டது இங்கே வரைக்கும் கேட்டது. எல்லா டப்பாவையும் வெளியே எடு. நூல் தெரிகிறது, கட்டி தட்டியிருக்கிறது என்றால் யோசிக்காதே, பையில் கட்டி அன்றைக்கே வீட்டுக்கு வெளியே கொண்டுபோய்ப் போடு. சமையலறைக் குப்பைத்தொட்டியில் போட்டால் திரும்பி நடந்து வரும். நன்றாக இருப்பதுபோலத் தெரிவதை நம்பாதே, நாலு நாள் ஃப்ரீசரில் வை. தட்டுகளைக் கழற்று. ஆணித் துளை, இடுக்கு, கீல் எல்லாவற்றையும் வாக்குவம் கிளீனரால் இழு, அந்தப் பையையும் உடனே தூக்கிப் போடு. சோப்பும் வெந்நீரும் வைத்துத் துடை, ஈரம் காயாமல் எதையும் உள்ளே வைக்காதே. திருகு மூடிகளின் மரையைப் பழைய பல்துலக்கியால் தேய், புழு அங்கேதான் போய்ச் சுருண்டுகொள்ளும்.

"மருந்து அடிச்சா சீக்கிரம் போகுமா?"

"சாப்பாடு வைக்கிற இடத்துல மருந்து அடிச்சேன்னு தெரிஞ்சா நானே வந்து உன்னை அடிப்பேன்."

"சரி."

"டப்பாவைக் கழுவி வச்சுக்கோ. பேர் எழுதி ஒட்டியிருக்கேன் பாரு, அந்தத் தாளுக்கு அடியிலயும் முட்டை இருக்கும். உரிச்சுப் போட்டுடு."

பேனாச் சத்தம் நின்றது.

"கேக்குதா?"

"கேக்குது. உரிச்சுடறேன்."

என்னைப் பற்றி அவன் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. ஃபோனை வைத்தபிறகு அவள் என் முன்னால் இருந்த தட்டை இழுத்து, நான் நறுக்கியதையெல்லாம் ஒருமுறை பார்த்தாள். "இவ்வளவு பொடியாவா நறுக்குவாங்க?" என்றாள். குரல் சரியில்லை.

6

இரண்டாவது ஞாயிறு. பதினாலு டப்பாவைக் காலி செய்தானாம். தட்டுகளைக் கழற்றி, ஆணிகளைக்கூடப் பெட்ரோலில் ஊறப்போட்டுத் துடைத்தானாம். "பெட்ரோல் எதுக்குடா?" என்றாள். "பழக்கம்" என்றான். அந்தத் தாள்களை உரித்துவிட்டதாகவும் சொன்னான். உரித்ததை என்ன செய்தான் என்று அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அவற்றை அவன் தன் கருவிப் பெட்டியின் மூடிக்கு உட்புறம் ஒட்டி வைத்துக்கொண்டான் என்று நான் எழுதினால் நீங்கள் நம்புவீர்கள். நானும் நம்ப ஆசைப்படுகிறேன். ஆனால் எனக்குத் தெரியாது.

"எல்லாம் பண்ணிட்டேன். இன்னும் பறக்குது."

"ஏற்கெனவே இருந்தது ரெண்டு வாரம் பறக்கும். பொறுத்துப் பாரு."

"இது புதுசு. பழசுன்னா கொறையணும். கொறையல. எங்கயோ இருந்து வருது." லிஃப்டில் கோளாறு என்று வந்தால் அவன் இந்தக் குரலில்தான் பேசுவான் போலிருக்கிறது.

"வேற எங்கயாவது தானியம் இருக்கா? பறவைத் தீனி, பழைய பிஸ்கட் பாக்கெட், காஞ்ச பூ, விதை?"

"இல்ல."

"என் ரூம்ல பாத்தியா?"

"அந்த ரூமை நான் திறக்கறதில்ல."

அவள் ஃபோனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அறையில் அவளுடையது என்று என்ன பாக்கி இருக்கிறது? ஒரு கட்டில், ஒரு காலி அலமாரி. அதைத் திறக்காமல் ஒரு மனிதன் எட்டு மாதமாகப் பக்கத்து அறையில் வந்து வந்து படுத்து எழுந்திருக்கிறான்.

"திறந்து பாரு," என்றாள் கடைசியில்.

[இந்த இடத்தில் அந்துப்பூச்சியைப் பற்றி நான் படித்துத் தெரிந்துகொண்டதை ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தேன். தின்பதையெல்லாம் புழுவாக இருக்கும்போதே தின்றுவிடுமாம். இறக்கை முளைத்துப் பறக்கத் தொடங்கியபின் எதையும் தின்னாது, துணை தேடி அலையும், அவ்வளவுதான். கடையில் பசை அட்டை என்று ஒன்று விற்கிறார்கள். பெண்பூச்சியின் வாசனையை அதில் தடவியிருக்கும். ஆண்பூச்சிகள் இல்லாத ஒருத்தியைத் தேடி வந்து ஒட்டிக்கொள்ளும். இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் இதை வைத்துக்கொண்டு பெரிய வாக்கியம் எதுவும் கட்டப்போவதில்லை. தம்பி இரண்டு அட்டை வாங்கி மாட்டினான் என்பது மட்டும் கதைக்குத் தேவை.]

7

மூன்றாவது ஞாயிறு அவன் எட்டு மணிக்கே கூப்பிட்டான்.

"கண்டுபிடிச்சிட்டேன்."

"எங்க?"

"உன் ரூம் அலமாரி. அடித்தட்டுல, பின்னாடி. ஒரு தலகாணி."

என் மனைவியின் கை மேசை விளிம்பைப் பிடித்தது.

இதை உங்களுக்கு விளக்கிவிடுகிறேன். எனக்கும் அன்றைக்குத்தான் தெரியும். கழுத்துப் பிடிப்புக்குச் சூடு வைத்துக்கொள்ள, துணியில் கோதுமையைக் கொட்டித் தைத்து ஒரு நீளத் தலையணை செய்வார்கள். கொஞ்சம் சூடுபடுத்திக் கழுத்தில் போட்டுக்கொண்டால் அரைமணி நேரம் இதமாக இருக்கும். தம்பிக்காக அவள் அதைத் தைத்துக்கொண்டிருந்தாள். துணி தைத்து, தானியமும் நிரப்பி, வாயை மட்டும் தைக்காமல் இருந்தபோது அந்தச் சாப்பாட்டு மேசைப் பேச்சு வந்தது. அப்படியே அலமாரியில் திணித்துவிட்டாள். பிறகு மறந்தும் போனாள்.

"கோதுமைதான உள்ள?" என்றான் தம்பி.

"ஆமா."

"முக்காவாசி தூளாயிடுச்சு. கூடு கூடா கட்டியிருக்கு."

"தூக்கிப் போட்டுடு. வீட்டுக்குள்ள வைக்காத."

"யாருக்குத் தச்ச?"

"யாருக்குத் தைப்பேன்? இந்த வீட்டுல யாருக்குக் கழுத்து வலி?"

'இந்த வீட்டுல' என்றாள். அவள் உட்கார்ந்திருந்தது என் வீட்டில். அவள் கவனிக்கவில்லை. பிழை திருத்துகிறவன் கவனித்தான்.

"சொல்லவே இல்லையே."

"நீ பேசியிருந்தா சொல்லியிருப்பேன்."

அந்தப் பக்கம் இருமல் கேட்டது. நிற்காமல், கொஞ்சம் நீண்ட இருமல். பிறகு "சரி, வைக்கிறேன்" என்றான்.

அன்றைக்கு மதியம் நாங்கள் சாப்பிட்டபோது அவள் என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "அவனுக்குக் கோபம் வந்தது உங்க மேல இல்ல. 'என்னை விட்டுட்டுப் போகாத'ன்னு கேக்கத் தெரியல. அதான் உங்களைத் திட்டினான்." எனக்கு இது எட்டு மாதம் முன்பே தெரியும். அவளுக்கும் தெரியும். ஆனாலும் சொன்னாள்.

8

நாலாவது ஞாயிறு ஃபோன் வரவில்லை.

அவள் மேசையில் உட்கார்ந்திருந்தாள். பத்து மணிக்கு ஃபோனை எடுத்துச் சத்தம் வைத்திருக்கிறதா என்று பார்த்தாள். பதினோரு மணிக்கு என் ஃபோனிலிருந்து தன் ஃபோனுக்கு அடித்துப் பார்த்தாள். "நீயே கூப்பிடேன்" என்றேன். "அவனுக்கு வேலை இருக்கும்" என்றாள். பன்னிரண்டுக்குக் கிட்டத்தில் எழுந்து பெட்டியை எடுத்தாள்.

"போய்ப் பாத்துட்டு வரேன்."

"எத்தனை நாள்?"

"பூச்சி போற வரைக்கும்."

ஸ்டேஷன் வரைக்கும் போய் ஏற்றிவிட்டு வந்தேன். ஜன்னல் ஓரம் கிடைத்தது. வண்டி நகரும்போது ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. அவளுக்கு இடது காது மந்தம் என்பதால் அவளுக்கு வலப்பக்கமாகவே உட்கார்ந்து பழகியவன் நான். அன்றைக்கு என் இரண்டு காதும் எதற்கும் உதவவில்லை.

அங்கே நடந்ததை அவள் அன்று ராத்திரி ஃபோனில் சொன்னாள். லிஃப்ட் ஓடிக்கொண்டிருந்ததாம். கதவைத் திறந்த தம்பி, "வந்துட்டியா" என்று மட்டும் சொல்லிவிட்டு, இன்னொரு ஆளுக்கு அரிசி கழுவப் போனானாம். பாத்திரம் கழுவி வைத்தது பரவாயில்லையாம், அலமாரி பளிச்சென்று இருந்ததாம். ஐஸ் எடுக்க ஃப்ரீசரைத் திறந்தால், உறைந்த பட்டாணிக்கு நடுவில் அந்தத் தலையணை. பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, மேலே நாள் எழுதி ஒட்டியிருந்தானாம். நீல மையில்.

"நாலு நாள் போதும்டா. ஒரு வாரமா வச்சிருக்க."

"தெரியும்."

"அப்புறம் ஏன் எடுக்கல?"

"எடுத்தா தூக்கிப் போடணும். அதான்."

மறுநாள் அவள் அதைப் பிரித்து, தூளைக் கொட்டி, துணியை வெந்நீரில் அலசிக் காயப்போட்டு, புதுக் கோதுமையை முதலில் ஃப்ரீசரில் வைத்து எடுத்து, நன்றாக உலர்த்தி நிரப்பி, வாயைத் தைத்துக் கொடுத்தாள். மன்னிப்பு யாரும் கேட்கவில்லை. கேட்டதாக நான் ஒரு பத்தி எழுதியிருந்தேன். நன்றாகவே வந்திருந்தது. எடுத்துவிட்டேன்.

தினமும் சாயங்காலம் கூப்பிடுவாள். "பூச்சி எப்படி?" என்பேன். "இன்னும் ரெண்டு பறக்குது" என்பாள்.

9

அவள் போய் இன்றோடு மூன்று வாரம் நாலு நாள்.

நான் முடிவை எழுத உட்கார்ந்தேன்.

முதல் முடிவு: நாளைக் காலை வண்டியில் அவள் வந்து இறங்குகிறாள். எழுதி முடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. வில்லனுக்கு இவ்வளவு வேகமாக வரும் முடிவு நேர்மையாக இருக்காது.

இரண்டாவது: அவள் அங்கேயே— இல்லை. இதை நான் எழுத மாட்டேன்.

மூன்றாவது: தம்பியும் இங்கே வந்து, மூன்று பேரும் ஒரே வீட்டில் சந்தோஷமாக இருக்கிறார்கள். வாசகர்களுக்குப் பிடிக்கும். தம்பிக்குப் பிடிக்காது. எங்கள் ஊரில் லிஃப்ட் வைத்த கட்டடமே நாலுதான்.

இப்படி நான் திணறிக்கொண்டிருந்தபோதுதான், போன புதன்கிழமை, இரண்டு ஃபோன் வந்தது.

முதலாவது காலை பத்து மணிக்கு. அவள்தான், மொட்டைமாடியில் துணி உலர்த்தப் போன இடத்திலிருந்து. காற்றில் துணி படபடக்கிற சத்தம் கேட்டது.

"ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாதீங்க. பூச்சி போயிடுச்சு. பசை அட்டையில ஒரு வாரமா ஒண்ணுமே விழல."

"நல்லதாப் போச்சு."

"அவன்கிட்ட சொல்லல. சொன்னா 'அப்ப கிளம்பு'ம்பான். அவன் வாய் அப்படி. இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டு வரட்டுமா? நீங்க சமாளிச்சுக்குவீங்கல்ல?"

"சமாளிச்சுக்குவேன்," என்றேன்.

இரண்டாவது மதியம். தெரியாத எண். எடுத்தேன். அந்தப் பக்கம் முதலில் ஒரு இருமல்.

"நான்... அக்காவோட தம்பி பேசறேன்."

என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று அவன் தடுமாறியது எனக்குப் புரிந்தது. "சொல்லுங்க" என்றேன்.

"அக்கா குளிக்கிறா. அதான் இப்ப கூப்பிட்டேன். உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். பூச்சி எல்லாம் போயிடுச்சு. போய் ஒரு வாரம் இருக்கும். அவகிட்ட 'ரெண்டு பாத்தேன், ரெண்டு பாத்தேன்'னு சொல்லிட்டிருக்கேன். போயிடுச்சுன்னு தெரிஞ்சா கிளம்பிடுவா."

நான் ஃபோனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"உங்க வீடு. உங்க... நீங்க கூப்பிட்டா அனுப்பிடுவேன். தப்பா நெனைக்காதீங்க. இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்னு தோணுது. கேட்டுட்டுச் செய்யலாம்னுதான்."

முப்பத்தைந்து வருடம் தன்னோடு இருந்தவளை, எட்டு மாதம் என்னோடு இருந்தவளை, இன்னும் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளலாமா என்று என்னிடம் கேட்கிறான். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று பல பதில்கள் பிறகு தோன்றின. அப்போது வாயில் வந்தது ஒன்றுதான்.

"கழுத்து எப்படி இருக்கு?"

"பரவாயில்ல," என்றான். "சூடா வச்சா நல்லா இருக்கு." பிறகு, "அவ வரா, வைக்கிறேன்" என்று வைத்துவிட்டான்.

10

ஆக, அந்த மூன்றாவது மாடியில் இப்போது ஒரு பூச்சியும் இல்லை. அது அவளுக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். தெரியும் என்பது ஒருவருக்கொருவர் தெரியாது. சாயங்காலமானால் இருவரும் கூரையை அண்ணாந்து பார்க்கிறார்கள், அதோ ஒன்று என்கிறார்கள், ஆமாம் என்கிறார்கள். எல்லாம் தெரிந்தவன் ஒருவன் ஆறு மணி நேரம் தள்ளி உட்கார்ந்து, ஒரு ஆளுக்குப் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருக்கிறான். எவ்வளவு பொடியாக நறுக்கினாலும் கேட்க ஆளில்லை.

இந்தக் கதையை ஒரு பத்திரிகை கேட்டிருக்கிறது. என் பெயர் அச்சில் வந்தால் என் மனைவி விடமாட்டாள், எங்கே இருந்தாலும் வாங்கிப் படித்துவிடுவாள். இப்போதெல்லாம் அவனுக்கும் படித்துக் காட்டுவாள். ஒன்பதாம் பகுதிக்கு வரும்போது இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பார்கள். மறுநாள் அவள் பெட்டி கட்டிவிடுவாள். எனக்கு வேண்டியதும் அதுதான். இதைக் கொடுத்துவிட்டால் போதும், அவள் வந்துவிடுவாள்.

ஐந்து நாளாக இது மேசைமேல் இருக்கிறது.

பத்திரிகைக்காரர் நேற்றும் கூப்பிட்டார். "இன்னும் ரெண்டு மூணு ஒற்றுப்பிழை இருக்கு, பாத்துட்டு அனுப்பறேன்" என்றேன். "உங்க கையெழுத்துப் பிரதியிலயா?" என்று அவர் சிரித்தார். நாற்பது வருடம் பிழை திருத்தியவன் நான். இன்று காலை மறுபடி முதல் பகுதியிலிருந்து படித்தேன். ஒன்றும் அகப்படவில்லை. நாளைக்கும் படிப்பேன்.

நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் நான் என்றோ ஒருநாள் இதைக் கொடுத்திருக்கிறேன் என்று அர்த்தம். எத்தனை நாள் கழித்து என்பது உங்களுக்குத் தெரியாது. அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்: அவர்களுக்கு இன்னும் எத்தனை சாயங்காலம் கொடுக்கலாம், எனக்கு இன்னும் எத்தனை நாள் தாங்கும். உங்களுக்கு எது நியாயம் என்று படுகிறதோ அதுதான் முடிவு. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பிழை எதுவும் இல்லை என்று தெரிந்தாலும் இப்போதைக்கு என்னிடம் சொல்ல வேண்டாம்.